கரிசக்காட்டில் ஒரு தொட்டிக்குளம்

கோவில்பட்டிப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் குளம் வேண்டுமென்றால் குழி தோண்டக் கூடாது. நான் தோண்டினேன். கரிசல் மண் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், ஐப்பசி மழையில் உப்பிக்கொள்ளும். குழியில் விரித்த தார்ப்பாய் ஒரே வருஷத்தில் மூன்று இடத்தில் கிழிந்தது. ஓரத்தில் பெருச்சாளிப் பொந்து வேறு. எனக்குத் தொழில் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டத் தெரியாதா என்று சொல்யூஷன் தடவி, டியூப் ரப்பரை வெட்டி வைத்து அழுத்தினேன். மறுநாளே வெயில் பட்ட தோல் மாதிரி உரிந்து வந்துவிட்டது. பாலித்தீனில் சொல்யூஷன் பிடிக்காது, சூடு காட்டித்தான் ஒட்ட வேண்டும்.

அடுத்த வருஷம் தரைக்கு மேலேயே கட்டினேன். உள் அளவு 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி உயரம். 80 கன அடி, அதாவது சுமார் 2,260 லிட்டர். “குடிக்கவே தண்ணி பத்தல, இவுக குளம் கட்டுதாக” என்று வீட்டில் சொன்னார்கள். அதற்குப் பதில் கடைசியில்.

மாடியில் கட்டலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். 2 அடித் தண்ணீர் ஒரு சதுர மீட்டருக்கு 600 கிலோ அழுத்தும். சாதாரண வீட்டு மொட்டை மாடியை 150 கிலோ கணக்கில்தான் போடுவார்கள்.

இடம் பார்க்கும்போது வேப்பமரத்தை விட்டுத் தள்ளி வாருங்கள். இலையுதிர் காலத்தில் கொட்டுகிற இலை முழுக்கத் தண்ணீருக்குள் அழுகும். அல்லி பூக்க ஐந்தாறு மணி நேர வெயிலும் வேண்டும்.

10 அடிக்கு 7 அடி அளவில் ஒன்றரை அடி கரிசலை அள்ளி வெளியே போட்டுவிட்டு, கிராவல் மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டித் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். அதற்கு மேல் கம்பி வலை வைத்து 4 அங்குல கான்கிரீட். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் அடுத்த மழையில் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும்.

இனிமேல்தான் முக்கியமான வேலை, சுவர். குழிக்குளத்தைச் சுற்றியிருக்கிற மண்ணே தாங்கிக்கொள்ளும், மேலே கட்டுகிற குளத்துக்குச் சுவரை விட்டால் வேறு பிடிமானம் கிடையாது. 2 அடித் தண்ணீர் அந்த 8 அடிச் சுவரை மொத்தமாக 450 கிலோ பாரத்தோடு வெளியே தள்ளுகிறது, அதிலும் அடிப்பக்கம்தான் அதிகம். கொத்தனார் 4 அங்குலக் கல் போதும் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 8 அங்குல ஹாலோ பிளாக், அதாவது நடுவில் பொந்து விட்ட சிமெண்ட் கல், மூன்று வரிசை. வரிசைக்கு 22 கல், உடைசலுக்கும் சேர்த்து 70 வாங்கினால் சரியாக இருக்கும்.

கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், முதல் வரிசைக் கல்லைக் கலவை இல்லாமல் வலைக்குப் பக்கத்திலேயே அடுக்கிப் பாருங்கள். ஒன்று விட்டு ஒரு பொந்துக்கு 10 எம்எம் கம்பி ஏற வேண்டும், நாலு மூலையிலும் கண்டிப்பாக. பொந்து எங்கே வருகிறதோ அந்த அளவைக் குறித்துக்கொண்டு, அடியை ஆங்கில ‘எல்’ எழுத்து மாதிரி வளைத்த கம்பியை வலையோடு கட்டிவிடுங்கள். குறிக்காமல் குத்துமதிப்பாக நட்டால் கம்பி கல்லின் நடுச்சுவரில் வந்து முட்டும், பிறகு ஒவ்வொரு கல்லையும் உடைத்து உடைத்து ஏற்ற வேண்டியதுதான். இரண்டாம் வரிசைக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், கலவைக்குள் 8 எம்எம் கம்பியைச் சுற்றிலும் ஒரு ஓட்டம் விட்டு மூலையில் வளைத்துப் பிணையுங்கள். கம்பி நிற்கிற பொந்தையெல்லாம் சிப்ஸ் ஜல்லிக் கான்கிரீட்டால் குத்தி நிரப்ப வேண்டும். வரிசைக்கு வரிசை ரசமட்டம் வைக்காமல் விடாதீர்கள். ஒரு மூலை அரை அங்குலம் தாழ்ந்தால் கூட, தண்ணீர் நிரம்பியதும் வருகிற விருந்தாளியெல்லாம் அதைத்தான் சொல்வார்கள்.

உள்பக்கம் பூசி, மூலைகளைக் கலவையால் வளைத்துவிடுங்கள். ஏழு நாள் தண்ணீர் ஊற்றுங்கள். காலி செய்ய அடியில் குழாய் வைக்கலாம் என்பார்கள், உள்ளே போடப்போகிற பிளாஸ்டிக் விரிப்பில் நாமே ஓட்டை போட்டுக்கொள்வானேன்? ஓஸைப் போட்டு உறிஞ்சி விட்டால் தண்ணீர் தானாக இறங்கும்.

விரிப்புக்குக் கணக்கு இது. நீளத்தோடு இரண்டு ஆழம், இரண்டு பக்கமும் மடிக்க ஒவ்வொரு அடி. 8+4+2, ஆக 14 அடி. அகலம் 5+4+2, 11 அடி. பண்ணைக்குட்டைக்குப் போடுகிற 500 மைக்ரான் கறுப்பு ஷீட்டில் 15-க்கு 12 வாங்கினேன். பிளெக்ஸ் பேனரை விரிப்பாகப் போடாதீர்கள், வெட்டின ஓரத்து நூல் வழியாகத் தண்ணீர் ஏறிக் கசியும். ஆனால் ஷீட்டுக்கு அடியில் மெத்தை மாதிரி போட அதைவிடத் தோதான பொருள் இல்லை. எங்கள் குளத்துக்கு அடியில் ஒரு காதுகுத்து விழாவும் ஒரு பூப்புனித நீராட்டு விழாவும் இருக்கின்றன.

ஷீட்டை நண்பகல் வெயிலில் அரை மணி நேரம் காயப் போடுங்கள், இளகிவிடும். செருப்பில்லாமல் உள்ளே இறங்கி, மூலைகளைப் பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற மாதிரி ஒரே பெரிய மடிப்பாக மடித்துச் சுவரோடு சாய்க்க வேண்டும். சின்னச் சின்னச் சுருக்கமாக விட்டால் அதில்தான் சேறு அடையும். ஓரத்தை இப்போது இறுக்கக் கூடாது. ஒரு சாண் தண்ணீர் ஏறியதும் நிறுத்தி, சுவரும் தரையும் சேர்கிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். பின்னால் காற்று இருந்தால் பொதபொதவென்று உள்வாங்கும். அந்த இடத்தில் ஷீட்டைத் தளர்த்திக் கீழே தள்ளுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர்ப் பாரம் அதை இழுத்துப் பிய்க்கும். நிரம்பி ஒரு ராத்திரி போன பிறகு ஓரத்தை மடித்து, மேலே கடப்பாக் கல்லைப் பதியுங்கள். கல் உள்பக்கம் இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் ஷீட்டின் மேல் விளிம்பில் வெயில் படாது. ஒரு பக்கம் மட்டும் கல்லுக்கு அடியில் நாலு விரல் இடைவெளி விட்டால், மழையில் மிஞ்சுகிற தண்ணீர் அந்த வழியே போய்விடும்.

அல்லிக் கிழங்கைப் பழைய பிளாஸ்டிக் பேசினில் கரிசல் மண் போட்டு நட்டு, மேலே கூழாங்கல் பரப்பி இறக்கினேன். எரு வேண்டாம், தண்ணீர் பச்சையாகும். எரு போடாமலேயே இரண்டாம் வாரம் பச்சையாகத்தான் ஆகும். பதறித் தண்ணீரை மாற்றாதீர்கள், இலை பாதிக்கு மேல் மூடியதும் தெளியும். வெங்காயத்தாமரையை மட்டும் வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். குழாய்த் தண்ணீர் என்றால் இரண்டு நாள் வெயிலில் நிற்கட்டும், பிறகு கப்பி மீன் பதினைந்து விடுங்கள், கொசுப்புழுவைத் தின்றுவிடும். கொசுப்புழு பார்க்க வருகிறவர்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். வாண்டுகள் இருக்கிற வீடு என்றால் மேலே இரும்பு வலை அவசியம், சுவரையொட்டி ஏற வாகாகக் கல், ஸ்டூல் எதையும் போட்டு வைக்காதீர்கள்.

தண்ணீர்க் கணக்கு இனி. எங்கள் மாடி 600 சதுர அடி. ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு மழை பெய்தால் குளம் நிரம்பும். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழைக்கு மாடிக் குழாயைத் திருப்பி வைத்தேன். சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு இரண்டு குடம் ஆவியாகும்.

அது ஆவியா கசிவா என்று சந்தேகம் வந்தால் ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, குளத்துக்குள்ளேயே செங்கல் மேல் நிறுத்துங்கள். வாளிக்குள் ஒரு கோடு, வெளியே குளத்து மட்டத்தில் ஒரு கோடு. மூன்று நாள் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில்தான். எங்கள் வாளியில் இறங்கியது ஒரு விரற்கடை, குளத்திலும் அதே. வீட்டுக்காரி ஸ்கேலை வாங்கித் தானும் ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டுப் போனாள்.