டவுன்ரிகருக்கு எந்தக் கயிறு, எவ்வளவு ஈயம்?

உவரி, இடிந்தகரை பக்கம் பைபர் படகில் வஞ்சிரத்துக்கு ஓடுகிறோம், மேல்நீரில் மீன் ஒரு தடவைகூட இரையைத் தட்டவில்லை என்றால் இரையைக் கீழே கொண்டுபோக வேண்டியதுதான். டவுன்ரிகர், அதாவது கயிற்றில் ஈயத்தைக் கட்டி இறக்கி இரையை ஆழத்தில் வைக்கும் கருவி, இருந்தால் 8 பாகமோ 10 பாகமோ (ஒரு பாகம் சுமார் ஆறடி), நினைத்த ஆழத்தில் வைத்து ஓட்டலாம். கயிறும் ஈயமும் பொருந்தினால்தான் அது நடக்கும்.

கயிறுக்கு வழக்கமாகப் போடுவது 150 பவுண்டு ஸ்டீல் கம்பி. பாரில் (கடலடிப் பாறையில்) உரசினாலும் தாங்கும், ஆனால் ஒரு மடிப்பு விழுந்துவிட்டால் அந்த இடத்திலேயே அறும், ஓட்டத்தில் ரீங்காரமும் போடும். நான் 200 பவுண்டு பின்னல் நரம்புக்கு மாறிவிட்டேன். மெல்லிசாக இருப்பதால் தண்ணீர் அவ்வளவாகத் தள்ளாது, கையாலேயே முடிச்சும் போட்டுக்கொள்ளலாம். உரசல்தான் அதற்கு ஆகாது. கரைக்கு வந்ததும் கடைசி இரண்டு பாகத்தை விரலிடுக்கில் விட்டு இழுத்துப் பாருங்கள், பஞ்சு மாதிரி பிசிர் தட்டினால் அவ்வளவையும் வெட்டிவிட்டுப் புதிதாக முடியுங்கள்.

ஈயம் நாலரை கிலோ இருந்தால் பெரும்பாலும் போதும். நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்தால் ஐந்தரை. குண்டைவிட, வால் வைத்த ஈயம் திருகாமல் நேராக வரும்.

கயிறு எவ்வளவு சாய்கிறது என்று பார்க்காமல் விட்ட கயிற்றின் நீளம் காட்டும் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். 20 மீட்டர் விட்டு, கயிறு 45 டிகிரி சாய்ந்து நின்றால் ஈயம் இருப்பது சுமார் 14 மீட்டரில்தான். அப்போது வேகத்தைக் குறையுங்கள், இல்லையென்றால் ஈயத்தைக் கூட்டுங்கள்.

முடிச்சுக்கு, கயிற்றை இரட்டையாக மடித்துச் சுழலியின் (கயிறு முறுக்காமல் சுழலும் இணைப்பு வளையம்) கண்ணில் விட்டு, தளர்வாக ஒரு முடி போட்டு, அந்த வளையத்துக்குள் சுழலியையே நுழைத்து, எச்சில் தொட்டு இறுக்குங்கள். சுழலிக்கும் ஈயத்துக்கும் நடுவே ஒரு முழம் 100 பவுண்டு தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு) கட்டாயம் வேண்டும். ஈயம் பாரில் சிக்கினால் அது மட்டும் அறும், கயிறும் கருவியும் தப்பும்.

அப்புறம், இரையை 10, 15 மீட்டர் பின்னால் விட்டு, தூண்டில் நரம்பை, மீன் இழுத்தால் விட்டுவிடும் டவுன்ரிகர் கிளிப்பில் மாட்டி, படகு ஓடும்போதே மெதுவாக இறக்குங்கள். பார் மேலே படகை நிறுத்துவதாக இருந்தால் முதலில் ஈயத்தைத் தூக்கிவிடுங்கள். வேகம் குறைந்ததும் சாய்ந்திருந்த கயிறு நிமிர்ந்து ஈயம் இன்னும் கீழே போகும். நான் இரண்டு ஈயத்தை இழந்தது அப்படித்தான். மீன் அடித்துக் கிளிப் விட்டதும் ஒருவர் தூண்டிலைப் பிடிக்க, இன்னொருவர் உடனே ஈயத்தை மேலே ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீன் அந்தக் கயிற்றைச் சுற்றிக்கொள்ளும்.