கேமராவைக் கண்டதும் பிரேக் போடுகிறவர்களுக்கு: பிரிட்டனில் புது ஓட்டுநர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் நம்மவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஊரில் பல வருஷம் வண்டி ஓட்டிய கையோடு வருகிறார்கள், இங்கே டெஸ்டும் பாஸ் செய்கிறார்கள், சில மாதத்தில் போலீஸ் கடிதத்தோடு திரும்பி வந்து நிற்கிறார்கள். விசாரித்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சாலையோரக் கேமரா எல்லாமே ஒரே மாதிரி வேலை செய்கிறது என்ற நினைப்பு. முன்னால் வந்தவர்கள் செய்த தவறையே பின்னால் வருகிறவர்களும் செய்கிறார்கள். லிமிட் போர்டைப் பார்க்காமல் போவது, மைலையும் கிலோமீட்டரையும் குழப்பிக்கொள்வது இதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்.

ஃப்ளாஷ் அடிக்கவில்லை, தப்பித்துவிட்டோம் என்று நினைப்பது

ஃப்ளாஷ் அடிக்கும் மஞ்சள் பெட்டிக்குப் பெயர் காட்சோ. மாரிஸ் காட்சோனிடெஸ் என்ற நெதர்லாந்து ரேஸ் ஓட்டுநர், வளைவுகளில் தன் காரின் வேகத்தை அளப்பதற்காக உருவாக்கிய கருவியில் தொடங்கிய கம்பெனி அது. 1953-ல் மான்டி கார்லோ ரேலியில் ஜெயித்தவர் அவர். பிரிட்டனில் இந்தக் கேமரா 1992-ல் வந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. கேமரா உங்கள் வண்டியின் பின்பக்கத்தைப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் ரேடார் வேகத்தை அளக்கிறது. வேகம் அதிகமென்றால் அரை விநாடி இடைவெளியில் இரண்டு படம் எடுக்கும். சாலையில் சம இடைவெளியில் வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அரை விநாடியில் வண்டி எத்தனை கோடு தாண்டியது என்று படத்தைப் பார்த்தே எண்ணிவிடலாம். மணிக்கு 30 மைலில் போகிற கார் அரை விநாடியில் சுமார் 6.7 மீட்டர் நகரும். ரேடார் சொன்ன வேகமும் கோட்டுக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும், அதற்காகத்தான் இரண்டு படம்.

ஆனால் ட்ரூவெலோ வகைக் கேமரா உங்களை முன்னாலிருந்து எடுக்கிறது. சாலைக்குள் புதைத்த சென்சார்கள்மேல் சக்கரம் ஏறி இறங்கும் நேரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது. ஓட்டுநரின் கண் கூசக்கூடாது என்பதால் அதன் ஃப்ளாஷ் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கு அருகில் இருக்கும். உங்கள் முகமும் படத்தில் விழும். ஆகவே ஃப்ளாஷ் அடிக்காததை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

சிக்னல் கேமரா சிவப்பு விளக்குக்கு மட்டும்தான் என்று நம்புவது

பல இடங்களில் அது பச்சையிலும் வேகத்தை அளக்கும்.

வேன் கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறைப்பது

பாலத்தின் மேலோ சாலையோரத்திலோ நிற்கும் போலீஸ் வேனில் இருப்பது லேசர். ஒளித் துடிப்புகளை அனுப்பி, அவை உங்கள் வண்டியில் பட்டுத் திரும்பும் நேரத்தைப் பார்க்கிறது. ஒரு விநாடிகூட ஆகாது. அதுவும் பல நூறு மீட்டர் தூரத்திலிருந்தே அளந்துவிடும். அது வேன் என்று உங்களுக்குப் புரிவதற்குள் வேலை முடிந்திருக்கும். அதற்குப் பிறகு போடும் திடீர் பிரேக்கினால் பின்னால் வருகிறவருக்குத்தான் ஆபத்து.

சராசரி வேகக் கேமராவுக்கு பிரேக் போடுவது

இத்தனை வருஷமாகியும் எனக்கு ஆத்திரம் வருகிற தவறு இதுதான். எச்சரித்து அனுப்பியும் செய்கிறார்கள்.

மோட்டார்வேயில் (அதிவேக நெடுஞ்சாலையில்) சாலைப்பணி நடக்கிற இடங்களில் உயரமான கம்பங்களில் ஜோடி ஜோடியாகக் கேமராக்கள் தெரியும். ஸ்காட்லாந்தில் ஏ77 சாலையில் 2005 முதலும், டன்பிளேனிலிருந்து இன்வர்னெஸ் போகும் ஏ9 சாலையில் 2014 முதலும் நிரந்தரமாகவே இருக்கின்றன. இந்தக் கேமரா அந்த இடத்தில் உங்கள் வேகம் என்ன என்று பார்ப்பதில்லை. நம்பர் பிளேட்டைப் படிக்கிறது, நேரத்தைக் குறிக்கிறது, அவ்வளவுதான். அடுத்த கேமரா அதே நம்பரைப் படித்து அங்கே நேரத்தைக் குறிக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் முன்பே அளந்து வைத்தது. தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம். அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வதால் ராத்திரியும் மழையும் ஒரு பொருட்டல்ல. ஃப்ளாஷும் கிடையாது.

என்னிடம் படித்த ஒரு தம்பி, டெஸ்ட் பாஸ் செய்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில் இரவு ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். வழியில் 50 மைல் லிமிட் போட்ட சாலைப்பணி. ஒருநாள் மூன்று கடிதங்களைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். “அண்ணா, ஒவ்வொரு கேமராவுக்கும் பிரேக் போட்டேனே, எப்படி மாட்டினேன்?” என்றான்.

காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு கேமராவுக்கு நடுவே 5 மைல் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நாலரை மைல் 60-ல் போகிறாய், நாலரை நிமிஷம் ஆகிறது. முதல் கேமராவைத் தாண்டியதும் கால் மைல், அடுத்த கேமரா வருமுன் கால் மைல், இரண்டையும் 45-ல் ஓட்டுகிறாய், 40 விநாடி. ஆக மொத்தம் 5 நிமிஷம் 10 விநாடி. சராசரி 58 மைல். அத்தனை பிரேக் போட்டும் 60 என்பது 58 ஆனது, அவ்வளவுதான். ஒழுங்காக 50-ல் போயிருந்தால் 6 நிமிஷம். மிச்சம் பிடித்தது 50 விநாடி.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கடிதம் அன்றைக்கே வராது. குற்றம் நடந்து 14 நாளுக்குள் பதிவான உரிமையாளருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் விதி. முதல் கடிதம் வருவதற்குள் அவன் தினமும் அதே இடத்தில் அதே மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் தனிக் குற்றம். ஒன்றுக்கு ஃபைனுக்கும் பாயிண்டுக்கும் (லைசென்ஸில் ஏறும் குற்றப் புள்ளி) பதிலாக வேக விழிப்புணர்வு வகுப்பு கிடைத்தது. மூன்று வருஷத்துக்குள் இரண்டாவது முறை அந்த வகுப்பு கிடையாது. மற்ற இரண்டுக்கும் தலா 100 பவுண்ட், தலா 3 பாயிண்ட். 12 பாயிண்ட் சேர்ந்தால்தானே லைசென்ஸ் போகும் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். டெஸ்ட் பாஸ் செய்த முதல் இரண்டு வருஷத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது. 6 பாயிண்ட் வந்தாலே லைசென்ஸ் ரத்து. மறுபடி புரொவிஷனல் (கற்பவர் லைசென்ஸ்), மறுபடி தியரி, மறுபடி ரோடு டெஸ்ட். அந்தக் கிடங்குக்கு ராத்திரியில் பஸ் இல்லை, அதனால் வேலையும் போயிற்று.

லேன் மாறினால் கேமரா கோட்டைவிட்டுவிடும் என்று ஒரு பேச்சு இன்னமும் சுற்றுகிறது. இப்போதுள்ள கேமராக்கள் லேன் மாறினாலும் கணக்கிடும். லிமிட்டுக்கு மேல் 10 சதவீதமும் கூட 2 மைலும் போனால் விட்டுவிடுவார்கள் என்று இன்னொரு பேச்சு. அது போலீசுக்குள் இருக்கும் வழிகாட்டுதல், உங்களுக்குக் கிடைத்த உரிமை அல்ல. க்ரூஸ் கண்ட்ரோலில் 50 வைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். இங்கே விற்கும் கார்களில் ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது சட்டம், ஆகவே முள் 50-ல் நின்றால் நீங்கள் பத்திரம்.

மோட்டார்வே போர்டு அணைந்திருந்தால் கேமராவும் அணைந்திருக்கும் என்று எண்ணுவது

லண்டனைச் சுற்றிப் போகும் எம்25 போன்ற மோட்டார்வேக்களில் மேலே குறுக்கே நிற்கும் சட்டகத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு ரேடார் கேமரா இருக்கும், பெயர் ஹேடெக்ஸ் 3. சிவப்பு வட்டத்துக்குள் எரியும் எண்தான் அப்போதைய லிமிட். எதுவும் எரியாவிட்டால் 70. அதையும் அது பார்க்கும்.

பாயிண்டை வேறு யார் தலையிலாவது கட்டுவது

“அக்கா லைசென்ஸ் சுத்தமாக இருக்கிறது, அவர் ஓட்டினதாக எழுதிவிடட்டுமா?” இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. கூடவே கூடாது. கிறிஸ் ஹூன் என்ற அரசியல்வாதி 2003-ல் எம்11-ல் வேகக் கேமராவில் சிக்கினார். அவர் மனைவி விக்கி பிரைஸ் அந்தப் பாயிண்டைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்டார். பத்து வருஷம் கழித்து 2013-ல் இருவருக்கும் தலா 8 மாதம் சிறை. அதற்குள் ஹூன் மந்திரியாகிப் பதவியையும் இழந்திருந்தார். நீதியைத் திசைதிருப்புவது வேறு சட்டம், அது பாயிண்டோடும் ஃபைனோடும் நிற்காது, ஜெயில்வரை போகும்.

முகவரி மாறியதும் லாக்புக்கை மாற்றாமல் விடுவது

வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிற நம்மவர்களுக்கு இது அதிகம் நடக்கிறது. கடிதம் லாக்புக்கில், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தில், உள்ள முகவரிக்குத்தான் போகும். யார் ஓட்டியது என்று 28 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 6 பாயிண்ட், 1000 பவுண்ட் வரை ஃபைன். புது ஓட்டுநருக்கு அந்த ஒரு கடிதத்திலேயே லைசென்ஸ் காலி. லாக்புக், லைசென்ஸ் இரண்டிலும் முகவரி மாற்றுவது இலவசம், ஆன்லைனில் சில நிமிஷ வேலை. வீடு மாறிய வாரமே செய்துவிடுங்கள்.