தரமிட்ட இயற்கணிதங்களின் முற்றொருமைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாறிகளின் இடத்தில் எந்த உறுப்புகளை இட்டாலும் பூச்சியமாகிவிடும் பல்லுறுப்புக்கோவையே ஓர் இயற்கணிதத்தின் முற்றொருமை எனப்படுகிறது. இங்கே மாறிகள் தமக்குள் இடம் மாறுவதில்லை. பெருக்கும் வரிசை அப்படியே நிற்கும். இயற்கணிதம் ஒரு குலத்தால் தரமிடப்பட்டிருந்தால், அதாவது குலத்தின் உறுப்புகளைத் தரங்களாகக் கொண்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பெருக்கலின் தரம் தரங்களின் பெருக்கலாக இருந்தால், ஒவ்வொரு மாறிக்கும் ஒரு தரம் குறிக்கப்படும். அதில் அந்தத் தரத்து உறுப்புகளை மட்டுமே இடலாம். தரமிட்ட முற்றொருமைகளில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டுப்பாட்டை வழியில் எங்கோ கைவிடுவதால் வருபவை.

2×2 அணிகளை எடுத்துக்கொள்வோம். மூலைவிட்ட அணிகள் இரட்டைத் தரம், மூலைவிட்டத்தில் பூச்சியம் கொண்டவை ஒற்றைத் தரம். இரட்டை மாறிகளை இ என்றும் ஒற்றை மாறிகளை ஒ என்றும் குறித்தால், இரண்டு முற்றொருமைகள் உடனே கிடைக்கின்றன: இ₁இ₂ = இ₂இ₁, ஒ₁ஒ₂ஒ₃ = ஒ₃ஒ₂ஒ₁. இரண்டாவதைச் சரிபார்ப்பது எளிது. ஒவ்வோர் ஒற்றை அணிக்கும் மேல் மூலையில் அ, கீழ் மூலையில் ஆ இருப்பதாகக் கொண்டால், மூன்றின் பெருக்கலில் மேல் மூலையில் அ₁ஆ₂அ₃, கீழ் மூலையில் ஆ₁அ₂ஆ₃ நிற்கும். 1, 3 ஆகிய குறியெண்களை இடம் மாற்றினாலும் இவை மாறுவதில்லை. எண்கள் எடுக்கப்படும் களத்தின் சிறப்பெண் 0 எனில் (1ஐ எத்தனை முறை கூட்டினாலும் பூச்சியம் வராது எனில்), இந்தத் தரமிடலின் முற்றொருமைகள் அனைத்தும் இவ்விரண்டிலிருந்தே பிறக்கின்றன என்று டி வின்சென்சோ 1992இல் நிறுவினார்.

முதல் தவறு இந்த இடத்திலேயே காத்திருக்கிறது. சாதாரண முற்றொருமைகளில் ஒரு மாறிக்கு 1 என இட்டுப் படியைக் குறைப்பது பழகிப்போன உத்தி. அதே பழக்கத்தில் ஒ₃ = 1 என இட்டால் ஒ₁ஒ₂ = ஒ₂ஒ₁ என வரும்; அது பொய். மேல் மூலையில் மட்டும் 1 உள்ள அணியையும் கீழ் மூலையில் மட்டும் 1 உள்ள அணியையும் ஒரு வரிசையில் பெருக்கினால் மூலைவிட்டத்தின் முதல் இடத்திலும், மறுவரிசையில் பெருக்கினால் இரண்டாம் இடத்திலும் 1 வருகிறது. அலகு அணி இரட்டைத் தரத்தது; அது ஒற்றை மாறிக்குள் நுழைய உரிமையற்றது. ஒ₃ இருக்கும் இடத்தில் ஒ₃இ என இடலாம், ஏனெனில் அதன் தரம் ஒற்றையே. ஒவ்வொரு பிரதியிடலுக்கும் முன்பு தரத்தைக் கணக்கிட்டு எழுதிவைப்பதே நான் அறிந்த ஒரே பாதுகாப்பு.

இடம் மாற்றினால் குறி மாறுகிற, வர்க்கம் பூச்சியமான பிறப்பிகளால் ஆன கிராஸ்மன் இயற்கணிதத்தைப் படித்துவிட்டு வருபவர்கள் இன்னொரு பிழை செய்வதுண்டு. அங்கே இரட்டை எண்ணிக்கையிலான பிறப்பிகளின் பெருக்கல்களால் ஆன இரட்டை உறுப்பு எதனோடும் பரிமாறும். ஒற்றை உறுப்புகள் இரண்டை இடம் மாற்றினால் குறி மாறும். இது அந்த இயற்கணிதத்தின் இயல்பே தவிர, இரட்டை–ஒற்றைத் தரமிடலின் பொதுவிதி அன்று. மேலே கண்ட அணிகளில் இஒ = ஒஇ என்பதும் இல்லை, ஒ₁ஒ₂ = −ஒ₂ஒ₁ என்பதும் இல்லை.

தரமிட்ட முற்றொருமையைச் சாதாரண முற்றொருமையாக வாசித்துவிடுவதும் அடிக்கடி நேர்கிறது. இ₁இ₂ = இ₂இ₁ படி 2 உடையது; ஆனால் 2×2 அணிகளுக்குப் படி 4க்குக் குறைந்த சாதாரண முற்றொருமையே கிடையாது என்பது 1950இல் வெளிவந்த அமித்சுர்–லெவிட்ஸ்கி தேற்றத்தோடு சேர்ந்து அறியப்பட்ட செய்தி. நான்கு மாறிகளில் அமைந்த பல்நேரியல் கோவை (ஒவ்வோர் உறுப்பிலும் ஒவ்வொரு மாறியும் சரியாக ஒருமுறை வருவது) ஒன்று சாதாரண முற்றொருமை எனக் காட்ட, அந்த மாறிகளுக்கு இரட்டை, ஒற்றை என்று தரமிடும் 16 வழிகளிலும் அது பூச்சியமாவதைக் காட்டியாக வேண்டும். ஒரே குலத்தால் தரமிடப்பட்ட இரண்டு இயற்கணிதங்களின் தரமிட்ட முற்றொருமைகள் ஒன்றானால் சாதாரண முற்றொருமைகளும் ஒன்றாகும், மறுதலை செல்லாது. எல்லா அணிகளையும் இரட்டை என்றே வைத்துவிட்டால் சாதாரண முற்றொருமைகள் அப்படியே இருக்கின்றன, தரமிட்டவை முற்றிலும் வேறாகிவிடுகின்றன.

தேற்றங்களின் நிபந்தனைகளையும் விட்டுவிடக்கூடாது. முடிவுறு குலத்தால் தரமிடப்பட்ட இயற்கணிதத்தில், சமனி உறுப்பின் தரத்துப் பகுதிக்கு ஒரு முற்றொருமை இருந்தால் முழு இயற்கணிதத்துக்கும் ஒன்று உண்டு என்று பெர்கனும் கோஹனும் 1986இல் காட்டினர். குலம் முடிவிலியானால் இது தவறிவிடும். இரண்டு மாறிகளின் கட்டற்ற இயற்கணிதத்தை (மாறிகள் இடம் மாறாத பல்லுறுப்புக்கோவைகள் அனைத்தையும்), படியையே தரமாகக் கொண்டு முழு எண்களால் தரமிடுங்கள்: தரம் 0 பகுதி வெறும் களம், பரிமாற்றுப் பண்பு உடையது, முழு இயற்கணிதத்துக்கோ எந்த முற்றொருமையும் இல்லை.

குலம் பரிமாற்றுப் பண்பற்றதாக இருக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். க என்னும் மாறியின் தரம் ப, ச என்னும் மாறியின் தரம் ம, மேலும் பம ≠ மப என்று கொள்வோம். அப்போது கச = சக என்னும் முற்றொருமை, தோற்றத்தைக் காட்டிலும் மிகக் கடுமையானது. இரு பக்கங்களும் வெவ்வேறு தரப் பகுதிகளில் இருப்பதால், கச = 0, சக = 0 என இரண்டும் தனித்தனியே விளைகின்றன.

சிறப்பெண் 0 ஆக இருக்கும்வரை பல்நேரியல் முற்றொருமைகள் போதும். சிறப்பெண் 2 ஆனால் போதா: கிராஸ்மன் இயற்கணிதத்தில் ஒ² = 0 அப்போதும் உண்மையே, ஆனால் ஒ₁ஒ₂ + ஒ₂ஒ₁ = 0 என்பதில் இரண்டையும் சமமாக்கினால் கிடைப்பது 2ஒ² = 0 மட்டும்; 2 பூச்சியமாகிவிட்ட களத்தில் அது எதையும் சொல்வதில்லை. எனவே அங்கே ஒ² = 0 என்பதைப் பட்டியலில் தனியே சேர்க்க வேண்டும்.