பொத்தான் யார் கையில்? சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் விளையாட்டில் நாம் செய்யும் தவறுகள்

என் தங்கை வீட்டில் இரண்டு டேப்லட். மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள ஆறு வயது மகனுக்கு ஒன்று, அவன் அக்காவுக்கு ஒன்று. சண்டை வரக்கூடாதென்று வாங்கியது. சண்டை நின்றது, கூடவே பேச்சும் நின்றது. ஆளுக்கொரு திரை கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

பிறகு ஒரு சோப்புக்குமிழி இயந்திரம் வாங்கி, உள்ளங்கை அகலப் பொத்தான் ஒன்றை அதில் இணைத்தோம். அழுத்தினால்தான் குமிழி வரும். புளோக்கின் கீழ்த்தளத்தில் பொத்தான் அவனிடம், குமிழி உடைக்கும் வேலை அக்காவிடம். முதல் நாள் அழுத்திய கையை அவன் எடுக்கவே இல்லை. நான்காம் நாள் கையைத் தூக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். “விடுடா தம்பி!” என்றாள். அழுத்தினான்.

ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு ஆட்டம் ஓடுமா? எந்தக் கருவியானாலும் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். மேசைமேல் ஒளியால் படம் விழ, கைபட்டால் அந்தப் படம் நகரும் டோவர்டாஃபெல் கருவி (நெதர்லாந்தில் மறதிநோய் முதியவர்களுக்காக உருவானது) போன்றவற்றுக்கும் இதே கேள்விதான்.

அடுத்த தவறு நம் அவசரம். பிள்ளை கொஞ்சம் தயங்கினால் போதும், அவன் கையைப் பிடித்து நாமே அழுத்திவிடுவோம். பாட்டிமார் இதில் கில்லாடிகள். மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து தனியாக ஆடுகிறானே என்றும் கவலை வேண்டாம். 1932இல் அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் வகுத்த விளையாட்டு நிலைகளில் அதுவும் ஒன்று, சும்மா வேடிக்கை பார்ப்பதும் ஒன்று.

சத்தத்தைக் குறைக்க முடியாத பொம்மையைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். வினாடிக்கு 3 முறைக்கு மேல் பளிச்சிடும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டலாம். வலிப்பு உள்ள பிள்ளையென்றால் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

படத்தைப் பார்த்து இணையத்தில் வாங்குவதும் வீண்செலவு. சிங்கப்பூரில் 2015இல் லெங்கோக் பாருவில் திறந்த எனேபலிங் வில்லேஜ் என்ற உடற்குறையுள்ளோருக்கான வளாகத்தில் டெக் ஏபல் என்ற மையம் இருக்கிறது. உதவிக் கருவிகளை அங்கே நேரில் பார்க்கலாம். அக்கா தம்பியையும் அழைத்துப் போங்கள், ஆடப்போவது அவர்களும்தானே.

கடைசியாக, மொழி. குரல் பதியும் பொத்தான்களில் பலரும் ஆங்கிலத்தையே பதிகிறார்கள். வீட்டில் பாட்டியோடு ஆடும் பிள்ளைக்கு அது எதற்கு? எங்கள் பொத்தானில் அக்காவின் குரல்: “இப்ப என் டர்ன்!” போன வாரம் பயல் அதை அடுத்தடுத்து மூன்று முறை அழுத்தி, பாட்டியின் முறையையும் சேர்த்துப் பறித்துக்கொண்டான்.