சிங்கப்பூர் – நியூயார்க்: விமான தூரமும் பயண நேரமும் கணக்குப் போடுவது எப்படி?

உலகின் மிக நீளமான நேரடி விமானப் பயணம் இது என்பதால் இதையே எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கென்றே ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கக்கூடிய) ரக விமானத்தை ஓட்டுகிறது. இந்தக் கணக்கு பிடிபட்டால் மற்ற ஊர்களெல்லாம் சுலபம்.

படி 1: தூரம்

கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, சாங்கி விமான நிலையத்தின் மேல் வலது கிளிக் செய்து, தூரம் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தைச் சொடுக்குங்கள். சுமார் 15,340 கி.மீ. வரும். கோடு வட துருவத்தை ஒட்டி வளைந்து போகும். பூமி உருண்டை, அதனால் அதுதான் குறுக்கு வழி.

மேப்ஸுக்குப் பதிலாக, அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து எக்செல்லில் தூரத்துக்குச் சூத்திரம் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நியூயார்க் மேற்கே இருப்பதால் அதன் தீர்க்கரேகைக்கு (73.78) மைனஸ் குறி வேண்டும். விட்டுவிட்டால் தூரம் 5,300 கி.மீ. சொச்சம் என்று காட்டும், பிழைச் செய்தியும் வராது. எனக்கு மேப்ஸே போதும்.

படி 2: பறக்கும் நேரம்

மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம். ஆனால் அட்டவணையில் ஏறத்தாழ 18 மணி 40 நிமிடம் போடுவார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறி இறங்குவது, காற்றுக்கு ஏற்ப சுற்றிப் போவது எல்லாம் அதில் அடக்கம். பின்னாலிருந்து தள்ளும் காற்றுக்காக, துருவ வழியை விட்டுவிட்டு பசிபிக் பக்கம் போகும் நாட்கள் நிறைய.

படி 3: கடிகாரம்

பெரும்பாலோர் குழம்புவது இங்கேதான். ஜூலையில் செவ்வாய் நள்ளிரவு தாண்டி 12:10க்குப் புறப்பாடு, அதே செவ்வாய் காலை 6:50க்கு வருகை என்று டிக்கெட் சொல்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் கழித்தால் 6 மணி 40 நிமிடம்தான் வரும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், அதனால் அப்படிக் கழிக்கவே கூடாது. வருகை நேரத்தை முதலில் சிங்கப்பூர் நேரமாக மாற்றுங்கள்: கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கி இருப்பதால், காலை 6:50 என்பது சிங்கப்பூரில் மாலை 6:50. இப்போது கழியுங்கள்: 18 மணி 40 நிமிடம். சரியா?

திரும்பும்போது தலைகீழ். திங்கள் இரவு 10:30க்குக் கிளம்பினால், சிங்கப்பூரில் அப்போதே செவ்வாய் காலை 10:30. அதோடு 18 மணி 50 நிமிடம் கூட்டினால் புதன் விடியற்காலை 5:20. செவ்வாய்க்கிழமை முழுக்க வானத்திலேயே போய்விடும். அழைத்துப் போக வருகிறவரிடம் மணியை மட்டும் சொல்லாமல் கிழமையையும் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: “எனக்கு 13 மணி நேர வித்தியாசம் காட்டுகிறதே?” என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதுவும் சரிதான். மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுப்பார்கள். சிங்கப்பூரில் அந்த வழக்கம் இல்லை. ஆக கோடையில் 12, குளிர்காலத்தில் 13. இன்றைய வித்தியாசத்தைப் பார்க்காமல் பயணத் தேதிக்குரியதைப் பாருங்கள்.