பதிப்புரிமை அறிவிப்பு வந்தால் செய்ய வேண்டியவை: கடலோர மொபைல் கடைக்காரர்களுக்கு

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கமுள்ள மொபைல் கடைகளில், கடலுக்குப் போகுமுன் மெமரி கார்டில் படமும் பாட்டும் ஏற்றித் தரும்படி கேட்பவர்கள் இன்றும் உண்டு. கரையை விட்டு அகன்றால் சிக்னல் கிடைக்காது என்பதால் கேட்பதில் நியாயம் இருக்கலாம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஏற்றித் தருபவரின் நிலை சட்டத்தின் முன் வேறு.

முதலில் உங்கள் கணினி என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பலரின் கணினிகள் ஒன்றுக்கொன்று கோப்பைப் பகிரும் டொரண்ட் முறையில் ஒரு கோப்பு இறங்கும்போதே, இறங்கிய துண்டுகள் மற்றவர்களுக்கு ஏறிக்கொண்டும் இருக்கும். உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) அந்தக் கோப்பைப் பகிரும் எல்லாருக்கும் தெரியும். எனவே "இறக்கினேன், யாருக்கும் கொடுக்கவில்லை" என்ற பதில் நிற்காது. கடை வைஃபை கடவுச்சொல்லை வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லியிருந்தால், அவர்கள் செய்ததற்கும் விசாரணை முதலில் இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரிடமே வரும்.

பதிப்புரிமையை மீறியதாகக் கூறும் அறிவிப்பு வந்தால், அது உண்மையானதா என்று பாருங்கள். முறையான அறிவிப்பில் படைப்பின் பெயர், உரிமையாளர், நாள், நேரம், ஐபி முகவரி ஆகியவை இருக்கும். வீடியோ அழைப்பில் வந்து, "கைதாகாமல் இருக்க உடனே பணம் அனுப்பு" என்று மிரட்டுபவர் மோசடிக்காரர். "டிஜிட்டல் கைது" என்று எதுவும் நம் சட்டத்தில் இல்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

உண்மையான அறிவிப்பு என்றால் பகிர்வை உடனே நிறுத்துங்கள், ஆனால் ஹார்டு டிஸ்கை ஃபார்மேட் செய்யாதீர்கள். பதற்றத்தில் பலரும் முதலில் செய்ய நினைப்பது இதைத்தான். அது சாட்சியத்தை அழித்த குற்றமாகவும் மாறக்கூடும். மன்னிப்புக் கேட்டுத் தாமாகவே பதில் எழுதுவதும் வேண்டாம், அந்தக் கடிதமே ஒப்புதலாகிவிடும். வழக்கறிஞருக்குச் செலவழிக்க இயலாதவர்கள் இராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் இலவச உதவி பெறத் தகுதி உடையவர்கள். அதற்கான உதவி எண் 15100.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 63இன்படி, தெரிந்தே மீறுவோருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. வணிக ஆதாயத்துக்காகச் செய்யப்படாத மீறலில், தக்க காரணம் காட்டி நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். கார்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் கடைக்காரர் இந்தச் சலுகையை இழக்கிறார். இக்குற்றம் பிணையில் விட முடியாதது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்திருப்பதால், பிணைக்கு நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். சார் ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி பிடியாணை இன்றியே பிரதிகளைக் கைப்பற்றலாம். அவற்றைத் திரும்பக் கேட்கும் மனுவை 15 நாட்களுக்குள் நீதித்துறை நடுவரிடம் (மாஜிஸ்திரேட்) தர வேண்டும். எனவே கைப்பற்றிய நாளை மறக்காமல் குறித்து வையுங்கள்.

பிறர் ஏற்றும் கோப்புகளுக்கு இணைப்பும் அணுகலும் மட்டும் தரும் சேவையை நடத்துவோருக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. உரிமையாளரின் எழுத்து மூலப் புகார் வந்து 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும்; 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறக்கலாம். தாமே படங்களை ஏற்றும் டெலிகிராம் சேனல் நிர்வாகிக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது.

பழைய படம்தானே என்பவர்கள் கணக்கைச் சரியாகப் போடட்டும். திரைப்படத்தின் உரிமை வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1960இல் வெளியான படத்துக்கு அது 2020இன் இறுதியில் முடிந்தது. ஆனால் அதிலுள்ள பாடலின் வரிகளுக்கும் இசைக்கும் தனி உரிமை உண்டு, அது படைத்தவர் இறந்த பின்னும் 60 ஆண்டுகள் தொடரும்.