டிரக் கேம்பருக்குப் பின்னால் ஒரு தண்ணீர் டிரெய்லர்: எடைக் கணக்கிலிருந்து குழாய் வரை

டிரக் கேம்பர் என்பது பிக்கப் டிரக்கின் பின்தொட்டியில் தூக்கி வைக்கும் குட்டி வீடு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அதற்குள் எப்படியோ அடங்கிவிடும். அடங்காதது தண்ணீர்தான். பல கேம்பர்களில் நல்ல தண்ணீர் டேங்க் 100 லிட்டரை ஒட்டியே இருக்கும். எவ்வளவு சிக்கனமாகப் புழங்கினாலும் குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, அரைகுறையாகக் குளிக்க என்று ஆளுக்கு ஒரு நாளில் 15 முதல் 20 லிட்டர் போய்விடும். இரண்டு பேருக்கு 100 லிட்டர் மூன்று நாளைக்குத்தான் வரும். பத்து நாள் தங்க வேண்டுமானால் இன்னும் 300 லிட்டர் தேவை.

தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. டிரக் தாங்கும் சுமையில் பெரும்பகுதியைக் கேம்பரே எடுத்துக்கொண்டிருக்கும். அதன்மேல் 300 கிலோ ஏற்ற இடமிருக்காது. அதனால்தான் டிரெய்லர். குழாய், பம்ப் வேலையெல்லாம் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். பிழை நேர்வது எடையில்தான், அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: டிரக்கில் மிச்சமிருப்பது எவ்வளவு?

கேம்பர், ஆட்கள், சாமான், முழு டீசல், கேம்பர் டேங்கில் முழுத் தண்ணீர் என்று பயணத்துக்குத் தயாரான நிலையில் டிரக்கை எடை மேடையில் நிறுத்துங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாக எடை போடுங்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள உச்ச அளவுகளிலிருந்து இவற்றைக் கழித்தால் மிச்சம் தெரியும். டிரெய்லரின் மூக்கு, டிரக்கின் பின்னால் அதை மாட்டும் இணைப்பான ஹிட்ச் மீது அழுத்தும் எடை, அதாவது டங் வெயிட், இந்த மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். 'டிரெய்லர்தான் தன் சக்கரத்தில் நிற்கிறதே' என்று பலரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

படி 2: டேங்க் எங்கே உட்கார வேண்டும்?

மொத்த வேலையில் இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். டங் வெயிட், டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். கூடினால் டிரக்கின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரப் பிடிப்பு குறையும்.

ஓர் உதாரணம். காலி டேங்குகளோடு டிரெய்லர் 300 கிலோ, டங் வெயிட் 40 கிலோ, அச்சிலிருந்து கப்ளர் (ஹிட்ச்சில் மாட்டும் மூக்கு நுனி) வரை 250 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரின் எடையை, அச்சுக்கு முன்னால் அது இருக்கும் தூரத்தால் பெருக்கி 250 ஆல் வகுத்தால், டங் வெயிட் எவ்வளவு கூடும் என்று கிடைக்கும். 300 லிட்டரையும் முன்பக்கப் பலகையை ஒட்டி, அச்சுக்கு 100 செ.மீ. முன்னால் வைத்தால் 120 கிலோ கூடும். மொத்தம் 160, அதாவது 27 சதவீதம், தாங்காது. அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் வைத்தால் 36 கிலோ குறைந்து, மிஞ்சுவது வெறும் 4 கிலோ. அந்த டிரெய்லரைச் சாலைக்கே கொண்டு போகக் கூடாது.

ஒரே பெரிய டேங்குக்குப் பதில் 150 லிட்டரில் இரண்டு வாங்குங்கள். ஒவ்வொன்றும் 100 செ.மீ. அகலம், 40 செ.மீ. நீளம், 37.5 செ.மீ. உயரம் இருந்தால் போதும். ஒன்றின் நடுப்பகுதி சரியாக அச்சின் மேல். மற்றொன்று அதை ஒட்டி முன்னால். இரண்டும் நிறைந்திருக்கும்போது டங் வெயிட் 64 கிலோ, மொத்த எடை 600, கிட்டத்தட்ட 11 சதவீதம். முதலில் அச்சு மேல் உள்ள டேங்கைக் காலி செய்யுங்கள்: 450 கிலோவுக்கு 64, 14 சதவீதம். பிறகு முன் டேங்க்: 300க்கு 40, 13 சதவீதம். எந்த நிலையிலும் வரம்பை விட்டு விலகாது. முன் டேங்கை முதலில் காலி செய்தாலோ 450க்கு 40 தான்; 9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வால்வுகளின் மேல் 1, 2 என்று பெயின்டில் எழுதி வைப்பது நல்லது. இருட்டில் யார் திறந்தாலும் குழப்பம் வராது.

கணக்குப் போட்டதோடு நிறுத்தாமல் அளந்தும் பாருங்கள். சமதரையில், கப்ளர் ஹிட்ச்சில் மாட்டும் உயரத்திலேயே இருக்கும்படி, குளியலறை எடைக்கருவி மேல் மரக்கட்டை வைத்துத் தாங்கினால் டங் வெயிட் தெரிந்துவிடும்.

படி 3: ஹிட்ச் நீட்டிப்பு

கேம்பரின் பின்பகுதி டிரக்கைத் தாண்டி நீண்டிருந்தால், டிரெய்லர் திரும்பும்போது அதில் இடிக்கும். அதற்காக ஹிட்ச்சை நீட்ட வேண்டிவரும். ஆனால் நீட்டும் ஒவ்வொரு செ.மீ.யும் நெம்புகோலை நீளமாக்குகிறது. இரு அச்சுகளுக்கு நடுவே 350 செ.மீ. உள்ள டிரக்கில், பின் அச்சிலிருந்து, கப்ளர் உட்காரும் ஹிட்ச் பந்து 120 செ.மீ. தள்ளியிருந்தால், 64 கிலோ டங் வெயிட் முன் அச்சிலிருந்து 22 கிலோவைத் தூக்கிவிடும். 60 செ.மீ. நீட்டினால் அது 33 ஆகும். நீட்டிப்பு மாட்டியதும் ஹிட்ச் தாங்கும் அளவும் குறையும். நீட்டிப்பின் மேல் பொறித்திருக்கும் எண்ணையே உச்ச வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: டேங்க்

உணவுத் தரப் பிளாஸ்டிக், வெளிச்சம் புகாத நிறம், உள்ளே குறுக்குத் தடுப்பு. வெள்ளை டேங்கில் வெயில் பட்டால் பாசி பிடிக்கும். தடுப்பு இல்லாத டேங்கில் வளைவு தோறும் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து டிரெய்லரைத் தள்ளும். குறைகுடம் கூத்தாடும் என்பது டிரெய்லருக்கு அப்படியே பொருந்தும். கிளம்பும் முன் டேங்க் நிறைந்திருக்கட்டும், இல்லையென்றால் காலியாக இருக்கட்டும். பாதியில் இருப்பதைக் கேம்பருக்கு ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

பழைய ரசாயனப் பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்கு எடுக்காதீர்கள்.

வெறும் பட்டை போட்டு இழுத்துக் கட்டினால் போதாது. நிறைந்த டேங்க் பிரேக் அடிக்கும்போது முன்னால் சறுக்கும். கோண இரும்பில் சட்டம் அடித்து, டிரெய்லர் சேசிஸில் போல்ட் போட்டு, டேங்கை அதற்குள் இறக்கி, அதன்மேல் பட்டை கட்டுங்கள்.

காற்றுக்குழாயை மறக்கவே கூடாது. குறைந்தது அரை அங்குலம், டேங்கின் உச்சியிலிருந்து மேலே போய் நுனி கீழ்நோக்கி வளைந்து, வாயில் கொசுவலை கட்டியிருக்க வேண்டும். இது அடைபட்டால் நிரப்பும்போது டேங்க் உப்பும். பம்ப் இழுக்கும்போது ஒடுங்கும்.

படி 5: பம்ப்பும் ஹோஸும்

12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப், நிமிடத்துக்கு 10 லிட்டர் அளவு, போதும். வரிசை இது: டேங்க், பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடும் உருண்டை வால்வு), வடிகட்டி, பம்ப், குடிநீர் ஹோஸ், நுனியில் கைப்பிடி அடைப்பான். வடிகட்டி பம்ப்புக்கு முன்னால்தான் வர வேண்டும். புது டேங்கில் துளையிட்டபோது விழுந்த பிளாஸ்டிக் சுருள் ஒன்று போதும், பம்ப் வால்வு மூடாமல் போக. வயர் 2.5 சதுர மி.மீ.; ஃபியூஸ் அளவு பம்ப்பின் உடலிலேயே எழுதியிருக்கும், அதைப் பேட்டரிக்குப் பக்கத்தில் போடுங்கள்.

புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறுவது இங்கே: ஹோஸைக் கேம்பரின் வெளிக்குழாய் இணைப்பில் மாட்டிவிட்டு, டேங்க் நிறையவில்லையே என்று காத்திருப்பார்கள். அந்த இணைப்பு பெரும்பாலும் உள்ளே இருக்கும் குழாய்களுக்கு நேராகப் போவது. டேங்கை நிரப்ப, ஊற்றும் வாய் தனியாக இருக்கும். ஹோஸை அதில் விடுங்கள். 100 லிட்டர் ஏறப் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். பக்கத்திலேயே நில்லுங்கள், பம்ப் தானாக நிற்காது.

படி 6: முதல் கழுவல்

வாசனை சேர்க்காத 5 சதவீதச் சலவை பிளீச், லிட்டருக்கு 1 மி.லி.; ஆக ஒரு டேங்குக்கு 150 மி.லி. வாளித் தண்ணீரில் கலந்து டேங்கில் ஊற்றி, மேல்வரை நிரப்புங்கள். பம்ப்பை ஓட்டி, ஹோஸ் நுனியில் பிளீச் வாசனை வரும்வரை விட்டு நிறுத்துங்கள். நான்கு மணி நேரம் கழித்து முழுதும் வடித்து, வாசனை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள்.

படி 7: சோதனை ஓட்டம்

இரண்டு டேங்கையும் நிரப்பிக்கொண்டு 20 கி.மீ. மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நின்றதும் சக்கர மையத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டு போங்கள்; ஒன்று மட்டும் கொதித்தால் பேரிங்கில் கோளாறு, கிரீஸ் இல்லாமல் இருக்கலாம். சக்கர நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் கப்ளருக்கு அடியில் குறுக்காகப் போக வேண்டும். கப்ளர் கழன்றால் மூக்கு தரையைத் தொடாமல் அவை தாங்கும். ஐரோப்பிய நாடுகளில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். 600 கிலோவிலேயே இருந்தாலும் மலை இறக்கம் அதிகமென்றால் போட்டுவிடுவது நல்லது.

கேம்பர் மறைப்பதால் இந்தச் சின்ன டிரெய்லர் கண்ணாடியில் தெரியவே தெரியாது. இரு மூலைகளிலும் உயரமான கம்பி நட்டு நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள், அல்லது பின்பக்கக் கேமரா வையுங்கள். டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். டிரக் பிரேக்கை அழுத்தாதீர்கள்.

கடைசியாகக் கழிவுநீர். 300 லிட்டர் கூடுதலாக வந்தால் கிட்டத்தட்ட அவ்வளவும் அழுக்காகி வெளியே போக வேண்டும். கேம்பரின் கழிவுநீர் டேங்க் அதற்கு முன்பே நிறைந்துவிடும். அதற்கென்று தனி மடக்குப் பை ஒன்றை டிரெய்லரில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் அச்சுக்குப் பின்னால் போகக் கூடாது.